வன்னிக் கரையோரத்து ஓடை ஒன்றை அதன் பெயர்களோடு பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வன்னிக் கரையோரத்தின் பெரிய நீர்ப்பரப்புகளை எல்லோருக்கும் தெரியும். கிழக்கே கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், வடக்கே சுண்டிக்குளம், மேற்கே பாலியாறும் பறங்கியாறும் அருவியாறும் கடலைச் சேரும் இடங்கள். இவற்றுக்கு நடுவே, மாரியில் ஓடிக் கோடையில் சேறாகிப்போகும் சிற்றோடைகள் ஏராளம். வரைபடத்தில் அவை மெல்லிய நீலக்கோடுகள். பலவற்றின் அருகே பெயர் எதுவும் அச்சாகியிருப்பதில்லை. ஆனால் அந்த ஓடையில் வலை வீசுகிறவருக்கும், அதைக் கடந்து மாடு சாய்த்துக்கொண்டு போகிறவருக்கும் அதற்கு ஒரு பெயர் உண்டு. சில வேளை மூன்று நான்கு பெயர்கள் உண்டு.

அந்தப் பெயர்களை ஓடையின் புவியியலோடு சேர்த்து, பிறர் நம்பி எடுத்தாளக்கூடிய விதத்தில் எழுதி வைப்பதற்கான வழிகாட்டி இது. பாடசாலை மாணவர்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்தார், ஊர் வரலாறு எழுத நினைப்பவர்கள் என யாரும் இதைச் செய்யலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக ஒதுக்கும் பொறுமை.

இதில் சட்டம் சார்ந்த பயனும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ தொடர்புபடும் ஆறு, ஓடை, களப்பு ஆகியவற்றில் இந்த எல்லை இன்னும் உள்ளே போகிறது. கடலுக்குத் திறக்கும் வாயின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து செங்குத்தாக 2 கிலோமீற்றர் வரை அது நீளும். 'காலத்துக்குக் காலம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பத்து மாதம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் ஓடையும், மாரியில் கடலோடு கலந்தால் இந்த வரையறைக்குள் வரும். அப்படிக் கலக்கிறது என்று திகதியோடு எழுதப்பட்ட குறிப்பு ஒன்று இருந்தால், அந்த ஓடையை வெறும் பள்ளம் என்று சொல்லி மண் நிரப்ப வருகிறவரிடம் ஊரார் எடுத்துக்காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

முதற்படி: எந்த வகை நீர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வன்னியில் நீரைக் குறிக்கும் சொற்கள் பாடநூல் வகைப்பாட்டுக்குள் அடங்குவதில்லை. கோடையில் ஒரு சொட்டு நீரும் ஓடாத தடத்தையும் 'ஆறு' என்பார்கள். நந்திக்கடல் ஒரு களப்பு. பெயரில் அது கடல். 'தொடுவாய்' என்பது உள்நீரும் கடலும் தொட்டுக்கொள்ளும் வாய். கொக்குத்தொடுவாயில் அந்தச் சொல் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 'முகத்துவாரம்' கடலுக்குத் திறக்கும் பெரிய வாய். 'வாய்க்கால்' வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம், தானாக ஓடுவதாகவும் இருக்கலாம். 'கடவை' ஆறு ஓடைகளைத் தாண்டும் இடம், இலுப்பைக்கடவை போல. 'மோட்டை', 'மடு', 'பொக்கணை' ஆகியவை நீர் தேங்கி நிற்கும் பள்ளங்கள். 'முறிப்பு' என்றால் அணையோ கரையோ உடைத்துக்கொண்ட இடம்.

உங்கள் ஓடையை ஊரார் எந்தச் சொல்லால் குறிக்கிறார்களோ அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். உங்களுக்குச் சரியென்று படும் வகைப்பெயரை வேண்டுமானால் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். 'ஆறு' என்று அவர்கள் சொல்வதை 'ஓடை' என்று நீங்கள் திருத்தி எழுதினால் பெயரில் பாதியை அழித்தவராவீர்கள்.

அடுத்து, கரை எந்தப் பக்கத்துக் கரை என்பதைப் பாருங்கள். கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு ஊடாகச் சாலை என்ற ஊர் வரை போகும் கிழக்குக் கரை திறந்த கடலை நோக்கிய மணற்கரை. வாடைக்காற்றுக் காலத்து அலை அங்கே பலமாக அடிக்கிறது. கரையோரமாக நகரும் மணல் ஓடையின் வாய்க்குக் குறுக்கே திட்டாகப் படிகிறது. ஓடை அதன் பின்னால் தேங்கி, கடலுக்குச் சமாந்தரமாக நீண்டுவிடுகிறது. மேற்கே தேவன்பிட்டி, விடத்தல்தீவுப் பக்கம் பாக்கு நீரிணையை ஒட்டிய கடல் ஆழமற்றது, அலையும் குறைவு. அங்கே ஓடைகள் கண்டல் காட்டுக்குள் பல கிளைகளாகப் பிரிந்து சேற்றுத்தரையில் கலக்கின்றன. 'வாய் எங்கே?' என்ற கேள்விக்குக் கிழக்குக் கரையில் விரலை நீட்டிக் காட்டலாம். மேற்கில் அதற்கே ஒரு பகல் நடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியவை

நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. அதன் பழைய ஓரங்குலத் தாள்களும் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) பின்னர் வந்த 1:50,000 தாள்களும் உங்கள் முதல் ஆவணங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய தாளில் இருந்த பெயர் புதியதில் விடுபட்டிருக்கலாம். ஓடையின் வாய் இடம் மாறியிருக்கலாம்.

ஆள்கூறுகளை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. இலங்கையின் பழைய மீற்றர் வலைப்பின்னல் (வரைபடத்தின் ஆள்கூற்றுக் கட்டங்கள்) பிதுருதலாகலை உச்சியை 200,000, 200,000 என்று எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்குகிறது. 1999ஆம் ஆண்டு வலைப்பின்னலில் அதே இடம் 500,000, 500,000. எந்த வலைப்பின்னல் என்று குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதி வைத்தால் உங்கள் ஓடை கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளிப் போய்விடும். கைப்பேசி தரும் அகலாங்கு நெட்டாங்குகளை எழுதி, அவை கைப்பேசியில் எடுத்தவை என்றும் குறித்துவிடுவது நல்லது.

செய்மதிப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்டினல்-2 படங்கள் 2015இலிருந்து உள்ளன. 10 மீற்றர் நுணுக்கம், ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம். லான்ட்சாட் படங்கள் 1970களிலிருந்தே உண்டு. 1980களுக்குப் பின் வந்தவற்றின் நுணுக்கம் 30 மீற்றர். பத்து மீற்றர் அகலத்துக்கும் குறைந்த ஓடை லான்ட்சாட்டில் தெளிவாகத் தெரியாது. ஆனால் மணல்திட்டு உடைந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரியும். மாரி மாதங்களில் முகில் மறைக்கும் என்பதால் கார்த்திகை, மார்கழிப் படங்களைச் சலிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல், 2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, 2008 நவம்பரின் 'நிஷா' மழை, 2020 திசெம்பரின் 'புரெவி' ஆகியவற்றை இந்தக் கரை கண்டிருக்கிறது. இவற்றில் செய்மதிக் காலத்துக்குள் வருபவற்றின் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கட்டாயம் ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். இலங்கையின் ஆறுகள் 103 வடிநிலங்களாகப் பிரிக்கப்பட்டு இலக்கமிடப்பட்டிருக்கின்றன. உங்கள் ஓடை எந்த வடிநிலத்துக்குள் வருகிறது, மேலே எந்தக் குளத்தின் மறுகால் நீர் (குளம் நிரம்பி வழியும் நீர்) அதற்குள் இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். குளத்து மறுகால் பாயும் ஓடைக்கும் வெறும் மழைநீரை மட்டும் நம்பும் ஓடைக்கும் நடத்தை வேறு.

மூன்றாம் படி: கோடையில் ஒரு நடை, மாரியில் ஒரு நடை

முதலில் பாதுகாப்பு. வன்னிக் கரையில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த இடத்துக்குள்ளும் போகாதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊராள் ஒருவரை முன்னே விட்டு, அவர் நடக்கும் தடத்திலேயே நடவுங்கள். வெள்ளம் வெடிபொருட்களை இடம்மாற்றியிருக்கக்கூடும். சேற்றில் இரும்பு எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிப் போய் அறிவியுங்கள். சுண்டிக்குளம், நந்திக்கடல், விடத்தல்தீவு போன்ற ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. படைமுகாம்களை அண்டிய கரைகளில் படம் எடுப்பதற்கு முன் கிராம அலுவலரோடு பேசிவிடுங்கள். முதலை பற்றி ஊரார் சொல்வதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

கோடை நடையை ஆடி, ஆவணி மாதங்களில் வையுங்கள். சோளகக் காற்று வீசும் அந்தக் காலத்தில் ஓடையின் எலும்புக்கூடு முழுதும் தெரியும். கடலிலிருந்து தொடங்கி மேலே நடவுங்கள். மணல்திட்டின் கடற்பக்கம் செங்குத்தாகவும் உட்பக்கம் சரிவாகவும் இருக்கும். உட்சரிவில் விசிறிபோல் மணல் பரந்திருந்தால் பெரிய அலை திட்டைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கிறது என்று பொருள். கொக்கிளாய்ப் பக்கமானால் மணலுக்குள் கனிய மணலின் கரிய வரிகளையும் காண்பீர்கள், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புநீர் எதுவரை ஏறுகிறது என்பதை மரங்களே சொல்லிவிடும். கண்டல் வகையான கண்ணா மரத்தடிக்குப் போய் ஓர் இலையை உற்றுப் பாருங்கள். வெயில் ஏறியபின் இலைமேல் மெல்லிய வெண்பொடி படர்ந்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மரம் உறிஞ்சிய உப்பைத் தன் இலைவழியே வெளியேற்றுகிறது. அடியில் சேற்றிலிருந்து பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். அந்த வேர்களில் சேறு காய்ந்து நிற்கும் கோட்டின் உயரம், நீர் வழக்கமாக எவ்வளவு ஏறுகிறது என்பதற்கான அளவுகோல். ஒரு முழக்கோலை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே போகப் போகத் தில்லை மரம் வரும். கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பிறகு உமரிச் செடி படர்ந்த உவர்வெளி. அதற்கும் மேலே மருதமரம் தென்பட்டால் நன்னீர்ப் பக்கம் வந்துவிட்டீர்கள். கண்ணா முடியும் இடத்தையும் மருது தொடங்கும் இடத்தையும் ஆள்கூறோடு குறியுங்கள். உங்கள் பதிவில் மிக நீண்ட காலம் பயன்தரப்போகும் இரண்டு புள்ளிகள் இவை. பத்து ஆண்டு கழித்து யாராவது போய்ப் பார்த்தால், உப்பு மேலேறியிருக்கிறதா என்பதை இவற்றை வைத்தே சொல்லிவிடுவார்.

மாரி நடை ஐப்பசி முதல் மார்கழி வரை. வன்னியின் மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தில்தான் விழுகிறது. திட்டுக்குப் பின்னால் நீர் மட்டம் உயரும், கரையோர வயல்களுக்குள் ஏறும், பிறகு ஒரு நாள் திட்டு உடையும் அல்லது ஊரார் வாயை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரரின் விருப்பமும் கடற்றொழிலாளரின் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வயல் மூழ்கிய கவலை ஒருவருக்கு. இறால் குஞ்சு உள்ளே வரும் காலமும் வளர்ந்த இறால் வெளியேறும் காலமும் மற்றவருக்குக் கணக்கு. இந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் இருந்து கேளுங்கள். ஓடையின் நடத்தையைப் பற்றி அங்கே கிடைக்கும் அறிவு எந்த அறிக்கையிலும் கிடைக்காது. யார் வெட்டினார்கள், எந்த இடத்தில், எந்தத் திகதியில் என்பவற்றை எழுதி, திறந்த வாயைத் திகதி தெரியப் படமெடுத்து வையுங்கள். மேலே சொன்ன சட்டத்துக்கான சான்று அந்தப் படம்தான்.

நான்காம் படி: சில அளவுகள்

அகலத்தை நாடாவால் அளவுங்கள். ஆழத்தை அடையாளமிட்ட கம்பால், கரைக்குக் கரை ஒரு மீற்றர் இடைவெளியில் அளந்து சராசரி எடுங்கள். ஓட்ட வேகத்துக்கு ஒரு தேசிக்காய் போதும். இருபது மீற்றர் தூரத்துக்கு இரு கம்பு நட்டு, மேல் கம்பருகே தேசிக்காயை நடு ஓட்டத்தில் விட்டு, கீழ்க் கம்பை அடைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைவாக ஓடுவதால் கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 50 விநாடியில் 20 மீற்றர் என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீற்றர், திருத்திய வேகம் 0.34. ஓடை 8 மீற்றர் அகலம், சராசரி அரை மீற்றர் ஆழம் என்றால் விநாடிக்கு 1.36 கனமீற்றர் நீர் ஓடுகிறது.

வற்றுப்பெருக்கு இந்தக் கரையில் சிறியது. பறுவத்திலும் அமாவாசையிலும்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீற்றர் வராது. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு ஏற்றமே வெகுதூரம் உள்ளே போகும். வாய் திறந்திருக்கும் காலத்தில் ஒரு பறுவத்தன்று, அளவு குறித்த கம்பு ஒன்றை நட்டு, பகல் முழுதும் மணிக்கொரு முறை மட்டத்தைக் குறித்தால் போதுமானது.

ஐந்தாம் படி: பெயர் கேட்டல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஓடைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஓடையின் வாயருகே மீன் பிடிப்பவருக்கு அது ஒரு பெயர். கண்டலுக்குள் நண்டு பிடிப்பவருக்கு வேறு பெயர். வீதியால் கடந்து போகிறவருக்குப் பாலத்தின் பெயர். மேலே வயல் செய்கிறவருக்கு இன்னொன்று. எல்லாமே சரி. ஒவ்வொரு பெயரும் ஓடையின் எந்தத் துண்டுக்கு உரியது என்பதைக் கேட்டு எழுதுவதே உங்கள் பணி. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளிவிடுவதற்கான உரிமை உங்களுக்கு இல்லை.

கேட்கும் முறையில் கவனம் வேண்டும். "ஐயா, இந்த ஓடையின் பெயர் என்ன?" என்று கேட்டால், வந்தவருக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று பக்கத்து ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுவார்கள். "அப்பு, நேற்று எங்கே வலை வைத்தீர்கள்?", "ஆச்சி, முந்தி விறகுக்குப் போகும்போது எந்த இடத்தால் தண்ணீரைக் கடப்பீர்கள்?", "அண்ணை, வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் முதலில் ஏறும்?" என்று கேளுங்கள். வேலையைப் பற்றிப் பேசும்போது பெயர்கள் தாமாக வரும். வந்த பெயரைத் திருப்பிச் சொல்லி, இடத்தைக் கைகாட்டச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் அவரோடு சேர்ந்து நடவுங்கள். வீட்டு முற்றத்தில் நினைவுக்கு வராத பெயர்கள் ஓடைக்கரையில் வந்துவிடும்.

யாரைக் கேட்பது? கரைவலைச் சம்மாட்டிமார், வீச்சுவலைக்காரர், மாடு வளர்ப்போர், தேன் எடுக்கப் போகிறவர்கள், கோயில் பொறுப்பில் இருப்பவர்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். இறாலும் நண்டும் பொறுக்கியவர்கள், தண்ணீர் அள்ளியவர்கள் அறிந்த சிறு மடுக்களின் பெயர்களைப் படகில் போன ஆண்கள் அறிந்திருக்கமாட்டார்கள். கோயில் வழக்கங்களுக்குள்ளும் இடப்பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு, உப்புநீரில் விளக்கெரிக்கச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவரும் மரபு இன்றும் உண்டு. அப்படியான வழிகளில் ஆண்டுதோறும் நடப்பவர்களிடம் எந்த இடத்தில் நிற்பார்கள், எதைக் கடப்பார்கள் என்று கேளுங்கள்.

இடப்பெயர்வு இந்த வேலையைச் சிக்கலாக்கியிருக்கிறது. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் 1984இன் இறுதியில் ஊரைவிட்டு வெளியேறி, போர் முடிந்த பின்னரே திரும்பினார்கள். அந்த இடைவெளியில் பிறந்தவர்கள் தங்கள் ஊரின் ஓடைகளைப் பெற்றோர் வாயால் கேட்டிருப்பார்களே தவிர, கால் நனைத்து அறியவில்லை. ஊரை நன்கு அறிந்த முதியவர் இப்போது வவுனியாவிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். வாட்ஸ்அப்பில் செய்மதிப் படத்தை அனுப்பி, பேசிக்கொண்டே விரலால் தடம் வரையச் சொல்லுங்கள். திரும்பி வந்த இளையோர் வைத்த புதுப்பெயர்களையும் புறந்தள்ளாதீர்கள். அவையும் வழக்கில் உள்ள பெயர்களே. எப்போதிருந்து வழங்குகின்றன என்று மட்டும் குறியுங்கள்.

நந்திக்கடலை அண்டிய இடங்களில் பெயர் கேட்கப் போனால் 2009 வைகாசி பேச்சில் வரும். ஒரு மடுவின் பெயரைச் சொல்லும்போதே, அங்கே யாரை இழந்தார் என்பதும் வந்துவிடும். அப்போது குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேளுங்கள். பெயரை இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம். ஒலிப்பதிவுக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். சொன்னவரின் பெயரை வெளியிடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'கரைவலைத் தொழிலாளர், எழுபது வயதைத் தாண்டியவர்' என்று எழுதினாலே போதும். பெயர் கேட்டு வரும் அந்நியரை ஊரார் ஐயத்தோடு பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. மணலாறு 1980களில் அரச ஆவணங்களில் வெலி ஓயா என்ற சிங்களப் பெயராக மாறியதைக் கண்ட மக்கள் அவர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வெளியாகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயருக்குப் பொருள் தேடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குமுழமுனை, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு போன்றவற்றில் மரம் வெளிப்படையாகத் தெரிகிறது. எல்லாப் பெயரும் அப்படி இல்லை. முள்ளிவாய்க்கால், முள்ளியவளை, முள்ளியான் எல்லாவற்றிலும் 'முள்ளி' உண்டு. நீரோரத்து நீர்முள்ளியும் முள்ளிதான், கண்டல் சேற்றில் வளரும் கழுதைமுள்ளியும் முள்ளிதான். இன்று அங்கே நிற்கும் செடியை வைத்து அன்று பெயர் வைத்தவர் எதைப் பார்த்தார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நாயாறு என்ற பெயரில் கிழக்கே ஒரு களப்பும், மேற்கே பாக்கு நீரிணைப் பக்கம் ஓர் ஆறும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே விளக்கம் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஊரார் சொல்லும் பெயர்க்காரணத்தை 'ஊரில் சொல்லப்படும் கதை' என்ற தலைப்பின் கீழ் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தை அதோடு கலக்காதீர்கள்.

ஆறாம் படி: எழுத்துச் சான்றுகள்

காணி உறுதிகள் மிகச் சிறந்த மூலம். 'கிழக்கெல்லை: ஓடை' என்று வெறுமனே இருப்பவையும் உண்டு, ஓடையின் பெயரைச் சொல்லி எல்லை காட்டுபவையும் உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய பழைய பெர்மிட்டுகளையும் கேட்டுப் பாருங்கள். போரில் ஆவணங்களை இழந்த குடும்பங்களே அதிகம் என்பதால், ஒரு நகல் கிடைத்தாலும் அது பெரிய செல்வம். தேவாலயப் பதிவேடுகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் ஆகியவற்றை அடுத்துத் தேடுங்கள். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் பல கிடைக்கின்றன. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றித் தொகுத்த கைநூலும் பார்க்க வேண்டியது. அதில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் தமிழ் வடிவத்தை ஊராரிடம் கேட்டே உறுதிசெய்ய வேண்டும்.

பெயரே கிடைக்காவிட்டால்? வீதியைக் கடக்கும் எந்த ஓடைக்கும் ஓர் அடையாளம் உண்டு. பாலத்திலோ மதகிலோ '87/3' என்பது போல இலக்கம் எழுதியிருக்கும்; 87ஆவது கிலோமீற்றரின் மூன்றாவது கட்டுமானம் என்று பொருள். மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ-32 வீதியில் இப்படி நிறைய ஓடைகளைக் கடப்பீர்கள். வீதி இலக்கத்தையும் பால இலக்கத்தையும் எழுதி, 'பெயர் கிடைக்கவில்லை' என்று குறித்து விடுங்கள். நீங்களாகப் பெயர் சூட்ட வேண்டாம். நாளை ஒருவர் உண்மையான பெயரோடு வரும்போது அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: எழுதும் முறை

தமிழ் எழுத்துருவம்தான் மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் முல்லைத்தீவையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். அந்த வடிவத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது ழ, ள, ல மூன்றும் குழம்பும். ண, ந, ன மூன்றும் குழம்பும். குமுழமுனை, குமுளமுனை என்று ஒரே ஊருக்கு இரு எழுத்து வழங்குவதைப் பார்க்கிறோம். சொன்னவரின் உச்சரிப்பை ஒலிப்பதிவாக வைத்திருந்தால், எந்த எழுத்து என்ற வாதம் பின்னாளில் எழுந்தாலும் மூலத்துக்குப் போய்க் கேட்கலாம். அயலில் சிங்கள மக்கள் அதே நீரைப் பயன்படுத்தினால் அவர்கள் வழங்கும் பெயரையும் தனி வரியில் எழுதுங்கள். அதைத் தமிழ்ப் பெயரின் இடத்திலும் வைக்காதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு இதோ ஒரு மாதிரி. ஓடையும் பெயர்களும் கற்பனையே.

வாய்ப்பகுதி: 'வெட்டு'. சொன்னவர்கள்: கரைவலைத் தொழிலாளர் இருவர். மாரியில் திறக்கும், கோடையில் மூடும். திறந்த நாள், படம் இணைப்பில்.
கண்டல் பகுதி: 'தில்லையடி ஓடை'. சொன்னவர்: நண்டு பிடிக்கும் அம்மா ஒருவர். கண்ணா முடியும் இடத்தின் ஆள்கூறு இணைப்பில்.
வீதிக்கு மேலே: 'மருதங்கடவை'. சொன்னவர்கள்: வயற்காரர் மூவர், பழைய பெர்மிட் ஒன்றிலும் உள்ளது.
பாலம்: வீதி இலக்கம், பால இலக்கம்.
வரைபடத் தாள்: பெயர் இல்லை.
ஊரில் சொல்லப்படும் கதை: தனித்தாளில்.
பதிவு செய்த திகதி, செய்தவர்.

இவ்வளவுதான். நீண்ட கட்டுரையைவிட இப்படி ஒரு தாள் அதிகம் பயன்படும்.

எட்டாம் படி: பொதுவில் வைத்தல்

எதையும் வெளியிடும் முன் ஊரில் ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க மண்டபம் இதற்கு ஏற்ற இடம். திருத்தங்கள் வரும்; வாதமும் வரும். இரு தரப்பும் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நகலைக் கிராம அலுவலருக்கும், ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும், ஒன்றை ஊர்ப் பாடசாலைக்கும், ஒன்றைப் பொது நூலகத்துக்கும் கொடுங்கள். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குத் திறந்த வாயின் படங்களோடு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் திகதியையும் உங்கள் நகலில் வாங்கத் தவறாதீர்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யாரும் ஓடையை வரைந்து பெயரிடலாம். முதன்மைப் பெயர், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர் என்று அதில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பெயரைக் கொடுக்கலாம் என்பதால் நமது தேவைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. பருவகால ஓட்டம் என்று குறிக்கவும் வசதி உண்டு. வணிக நிறுவனங்களின் வரைபடங்களிலிருந்து பெயரை நகலெடுத்து அங்கே இடக்கூடாது. நீங்கள் நேரில் கேட்டு உறுதிசெய்த பெயர்களை மட்டும் இடுங்கள். அரிய பறவைகள் கூடுகட்டும் இடங்களையும் இறால் மிகுதியாகப் படும் மடுக்களையும் அதில் நுணுக்கமாகக் காட்டலாமா என்பதை ஊராரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். தமது பிழைப்பிடத்தை உலகுக்கு அறிவிக்க அவர்கள் விரும்பாவிட்டால் அந்தப் பெயர் தாளில் மட்டும் இருக்கட்டும்.

ஒவ்வொரு மாரி முடிந்ததும், தை மாதத்தில், வாயை மட்டுமாவது போய்ப் பாருங்கள். சென்ற ஆண்டு திறந்த இடத்திலேயே திறந்ததா, எத்தனை மீற்றர் நகர்ந்தது, யாராவது வெட்டினார்களா என்று மூன்று வரி எழுதி, திகதியிட்டு, அதே கோப்பில் சேருங்கள். பழைய வரிகளை அழிக்காதீர்கள்.